ரிக்கார்டரில் முதல் சுரங்கள்: கீழ் 'சி'யா, இடக்கை 'பி'யா?

காரைக்குடியில் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சரளி வரிசையைக் கீழிருந்து மேலாகப் பழகியிருப்பதால், ரிக்கார்டர் என்னும் மேற்கத்தியக் குழலையும் அதன் மிகத் தாழ்ந்த சுரமான கீழ் 'சி'யிலிருந்தே தொடங்கலாம் என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. ஆனால் அதற்கு எல்லாத் துளைகளையும் கசிவின்றி மூடி, மிக மென்மையாக ஊத வேண்டியிருப்பதால், சிறு விரல்களுக்குப் பெரும்பாலும் கீச்சொலியே மிஞ்சும்.

'பி' என்னும் சுரத்துக்கோ இடக்கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். நடுவிரல் சேர்ந்தால் 'ஏ', மோதிர விரலும் சேர்ந்தால் 'ஜி'. 'ஜி'யைச் சட்ஜமாகக் கொண்டால் இவை சங்கராபரண ராகத்தின் க, ரி, ச ஆகின்றன. சீயம், கந்தரப்பம், வெள்ளைப்பணியாரம் என்னும் பெயர்களின் அசைகளை ஆசிரியர் 'பி'யில் ஊத, எந்தப் பலகாரம் என்று கண்டுபிடித்துப் பிள்ளைகள் திருப்பி ஊதும் விளையாட்டில் (பசி வேளையில் இதை நடத்தாதிருப்பது நல்லது), ஒவ்வோர் அசைக்கும் நாக்கால் 'து' என்று தட்டும் பழக்கமும் படிகிறது. கீழ் 'சி'யை, வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பழகிய பிறகு வைத்துக்கொள்வதே என் தேர்வு.