ஓக் கொட்டையை ஊன்றுவதா, நர்சரிக் கன்றை நடுவதா?

கலிஃபோர்னியாவில் நீல ஓக் மரங்கள் பல இடங்களில் முதிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வளர்ந்துவர இளமரங்கள் போதவில்லை. மான், மாடு, எலி, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் அயல்நாட்டுப் புற்கள் என்று கன்றுக்கு எதிரிகள் ஏராளம். உதவ இறங்கும் தன்னார்வலர்களுக்கு முதலில் எழும் கேள்வி, ஓக் கொட்டையை நேரடியாக ஊன்றுவதா, நர்சரியில் வளர்த்த கன்றை நடுவதா என்பதுதான்.

என் வாக்கு கொட்டைக்கே. காரணம் ஆணிவேர். முளைக்கும் ஓக், மேலே இலை விடுவதற்கு முன்பே கீழே வேரை ஆழமாக இறக்கிவிடும். மழையில்லாத நீண்ட கோடையைத் தாண்ட அந்த வேர்தான் துணை. சின்னத் தொட்டியில் வளர்ந்த கன்றின் வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். கொட்டையைச் சுமப்பதும் எளிது, சிறுவர்கள்கூட ஒரு பையில் எடுத்துப்போகலாம். அதே பகுதியில் பொறுக்கியதாக இருந்தால் நல்லது. காயவிடவே கூடாது, காய்ந்தால் முளைக்காது. தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கியவற்றை மழை தொடங்கியதும் ஈர மண்ணில் இரண்டு அங்குல ஆழத்துக்குள் படுக்கவைத்து ஊன்றலாம்.

சரி, கன்றுக்கு இடமே இல்லையா? உண்டு. எலித்தொல்லை மிகுந்த இடத்தில் ஊன்றிய கொட்டைகள் தங்காது. சரியாகக் காய்க்காத ஆண்டுகளும் வரும். அப்போது ஆழமான தொட்டியில் வளர்த்த இளங்கன்றுதான் கைகொடுக்கும்.

எதை நட்டாலும் சுற்றிலும் புல்லை அகற்ற வேண்டும், கம்பிவலைக் கூண்டு போட வேண்டும். நுனி மான் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை, பல ஆண்டுகள் போய்ப் பார்த்துவர யார் பொறுப்பு என்பதை நடுவதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.