சவ்வூடு பரவல் காட்ட உருளைக்கிழங்கா, முட்டையா?

சவ்வூடு பரவல் என்றால், நீர்த்த பக்கத்திலிருந்து கெட்டியான பக்கத்துக்குச் சவ்வு வழியாக நீர் நகர்வது. அதைக் காட்ட, பிளஸ் ஒன் பிராக்டிகலுக்கு இரண்டுமே ஓடும். பார்க்க அழகு முட்டை. வினிகரில் ஒரு நாள் ஊறினால் ஓட்டின் கால்சியம் கார்பனேட் குமிழ்விட்டுக் கரையும். ஓடு போய்த் தோல் மட்டும் மிஞ்சிய முட்டையைத் தண்ணீரில் போட்டால் உப்பும், கெட்டிச் சர்க்கரைப் பாகில் போட்டால் தொளதொளவென்று சுருங்கும். சென்னை மே மாதத்தில் வெளியே வைத்தால் நாறிவிடும், ஃப்ரிட்ஜ்தான் கதி.

ஆனால் ஒன்று: அந்தத் தோல் செல் சவ்வே இல்லை. புரத இழைகள் பின்னிய வலை. செல் சவ்வின் பாஸ்போலிப்பிட் (ஒரு வகைக் கொழுப்பு) இரட்டை அடுக்கையும், நீர் நுழையும் அக்வாபோரின் வாசல்களையும் பேச வேண்டுமென்றால் உருளைக்கிழங்குதான் சரி.

தோல் சீவி, 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. கனத்தில் துண்டுகள் வெட்டி, எடை போடுங்கள். 100 மில்லிக்கு 0, 10, 30 கிராம் சர்க்கரை என மூன்று கரைசல்கள்; ஒரு மணி நேரம் ஊறட்டும். வெறும் தண்ணீரில் விறைப்பாகும், எடை கூடும். 30 கிராமில் வளைந்து தொங்கும். 10 கிராமில் எடை அதிகம் மாறாது. உள்ளும் புறமும் கரைசலின் செறிவு ஏறக்குறைய சமம். போர் தண்ணீரில் உப்பு இருக்கும், கேன் தண்ணீர் எடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் எடையில்தான்: டிஷ்யூவில் ஒற்றாமல் தராசில் வைத்தால் மேலே ஒட்டிய நீரும் கணக்கில் சேரும். கூடவே ஒரு வெந்த துண்டையும் போடுங்கள். வெப்பத்தில் சவ்வு சிதைந்திருப்பதால் அது விறைக்கவே விறைக்காது. முட்டையில் இந்த ஒப்புநோக்கு வராது.