லினக்ஸ்ல நெட் வராதுன்னு சொன்னா நம்பி லேப்டாப்ப குடுத்துடாதீங்க

போன மாசம் ஃபைபர் கனெக்‌ஷன் போட ஆள் வந்தப்ப நான் ஆபீஸ்ல, வீட்ல அம்மா மட்டும்தான். லேப்டாப்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டம் போட்டு அஞ்சு வருஷமா ஓட்டிட்டு இருக்கோம். வந்தவரு ஸ்க்ரீன பாத்துட்டு "இதுல விண்டோஸே இல்லம்மா, எங்க நெட் எடுக்காது, 700 ரூபா குடுங்க நானே ஏத்தி விட்டுடறேன்"னு சொல்லிருக்காரு, அம்மாவும் சரிப்பான்னுட்டாங்க. உள்ள ஏதாச்சும் ஃபைல் இருக்கா, காப்பி எடுக்கணுமான்னு ஒரு வார்த்தை கேக்கல, பென்டிரைவ சொருகி மொத்த ஹார்ட்டிஸ்க்கையும் ஃபார்மட் அடிச்சு கிராக் விண்டோஸ போட்டுட்டு போயிட்டாரு. அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகுது, அவரோட போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு.

சாயங்காலம் வந்து பாத்தா டெஸ்க்டாப்ல பிராட்பேண்ட்னு ஒரு ஐகான், க்ளிக் பண்ணா யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது. இவ்ளோதான். இது வெறும் பிபிபிஓஇ, அதாவது யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து நெட் கம்பெனியோட கனெக்ட் ஆகுற முறை, 1999லயே வந்தது, இதுக்கும் விண்டோஸுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. மின்ட்ல நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் தொறந்து பிளஸ் அமுக்கி டிஎஸ்எல் பிபிபிஓஇங்கறத எடுத்து அதே யூசர்நேம் பாஸ்வேர்ட அடிச்சா வேலை முடிஞ்சுது, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. அந்த ரெண்டு நிமிஷத்துக்கா என் டிஸ்க்க அழிச்சீங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதுவும் கூட தேவையில்ல. அவரு மாட்டுன ஃபைபர் பெட்டிய, தானா கனெக்ட் பண்ணாம லைன மட்டும் கடத்தி விடற பிரிட்ஜ் மோடுல விட்டுட்டு போனதாலதான் லேப்டாப்லேந்து டயல் பண்ண வேண்டி வந்துச்சு, போன்ல வைஃபை புடிச்சும் நெட் வரல. நான் பெட்டியோட செட்டிங்ஸ்க்குள்ள போய் அந்த யூசர்நேம் பாஸ்வேர்ட அங்கயே போட்டு பெட்டியே கனெக்ட் பண்ணி எல்லாத்துக்கும் பிரிச்சு குடுக்கற ரவுட்டர் மோடுக்கு மாத்துனதும் எல்லாத்துலயும் வந்துருச்சு. ஆள் வந்தா மொதல்ல யூசர்நேம் பாஸ்வேர்ட எழுதி வாங்கிக்கோங்க, ரவுட்டர்லயே போடச் சொல்லுங்க, லேப்டாப்ல கை வைக்க விடாதீங்க. நெட் வந்தும் சில சைட் மட்டும் தொறக்காம சுத்திட்டே இருந்தா எம்டியூவ, அதாவது ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட அதிகபட்ச அளவ, 1500 பைட்லேந்து 1492ஆ கொறச்சு பாருங்க, பிபிபிஓஇ அதுல 8 பைட் எடுத்துக்கும்.

கம்பெனிக்கு போன் போட்டா "அவரு எங்க ஸ்டாஃப் இல்ல சார், கான்ட்ராக்ட் ஆளு"ங்கறாங்க. 700 ரூபா இன்னும் வரல.

டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி, அழிஞ்ச ஃபைல மீட்கற ஃபோட்டோரெக் சாஃப்ட்வேர ராத்திரி முழுக்க ஓட்டுனேன். பேரு, தேதி எதுவும் இல்லாம கொஞ்சம் படம் வந்துச்சு. அப்பா திண்ணையில பேப்பர் படிக்கிற படத்துல முகம் வரைக்கும் இருக்கு, அதுக்கு கீழ எல்லாம் சாம்பல் கலர்.