ஃபயர்வால் அப்கிரேடில் எது எப்படி உடைகிறது: ஷோர்வால், யூஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி, நேரடி என்எஃப்டேபிள்ஸ்

லினக்ஸ் ஃபயர்வால் கருவிகளை ஒப்பிடுபவர்கள் எது எழுதச் சுலபம், எதில் வசதி அதிகம் என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். பல வருடம் ஓடப்போகும் சர்வருக்கு அந்த ஒப்பீடு போதாது. அடுத்த வெர்ஷன் வரும்போது பழைய கான்ஃபிக் எப்படி உடையும் என்பதையும் கேட்க வேண்டும். பிழை காட்டி நின்றுவிடுமா, இல்லை எந்தப் பிழையும் காட்டாமல் அதே வரிகளுக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளுமா? முதல் வகை எரிச்சல் தரும், அவ்வளவுதான். இரண்டாவது வகை பல மாதம் கழித்து, திறந்திருக்கக் கூடாத போர்ட் திறந்து கிடக்கும்போதுதான் தெரியவரும்.

முதலில் அடித்தளம்

தலைப்பில் உள்ள நான்கு கருவிகளுக்கும் கீழே இருப்பது, கர்னலில் பேக்கெட்டுகளை வடிகட்டும் பகுதியான நெட்ஃபில்டர். அதில் பழைய ஐபிடேபிள்ஸுக்கு மாற்றான என்எஃப்டேபிள்ஸ் 2014 ஜனவரியில், 3.13 கர்னலோடு வந்தது. டெபியன் 10 (2019) முதல் ஐபிடேபிள்ஸ் என்று தட்டினால் டீஃபால்ட்டாக ஓடுவது என்எஃப்டேபிள்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும் பொருந்துவடிவம். கட்டளையின் பெயரும் எழுதும் முறையும் பழையவை, விதிகள் போய்ச் சேரும் இடம் புதியது. பழைய எஞ்சினும் 'லெகசி' என்ற பெயரில் கூடவே கிடைக்கிறது. சிக்கல் அங்கேதான்: இரண்டும் ஒரே நேரத்தில் கர்னலில் உயிரோடு இருக்கலாம். ஒரு பழைய ஸ்கிரிப்ட்டோ, தன் சொந்த ஐபிடேபிள்ஸ் பைனரியைக் கொண்டுவரும் கன்டெய்னரோ லெகசி பக்கம் விதி போட்டிருக்கும். நீங்கள் புதிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, 'இந்த பேக்கெட்டை யார் தடுக்கிறார்கள்' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐபிடேபிள்ஸ்-சேவ் கட்டளை இதை ஒரு எச்சரிக்கை வரியாகச் சொல்லும், 'லெகசி டேபிள்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க லெகசி-சேவ் பயன்படுத்துங்கள்' என்று. வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டு நகர்ந்துவிடுவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. எந்தக் கருவியாக இருந்தாலும் அப்கிரேடுக்கு முன் மூன்றையும் தனித்தனி ஃபைலில் எடுத்துவைக்கவும்: ஐபிடேபிள்ஸ்-சேவ், லெகசி-சேவ், என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட். முதல் இரண்டுக்கும் ஐபிவி6 கட்டளைகள் தனியாக உள்ளன. அவற்றையும் விடக்கூடாது.

ஷோர்வால்: பிழையை முகத்தில் காட்டும்

ஷோர்வால் ஒரு கம்பைலர். அதன் கான்ஃபிக் ஃபைல்களை முழுவதும் படித்து, சரியென்று பட்ட பிறகே விதிகளை உருவாக்கும். அதனால் வெர்ஷன் மாறும்போது வரும் முரண்பாடுகள் பெரும்பாலும் 'ஷோர்வால் செக்' ஓட்டும்போதே ஃபைல் பெயர், வரி எண்ணோடு வெளியே வந்துவிடும்.

நான்காம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசைக்குப் போகும்போது பழைய ஃபைல்கள் பல காலாவதியாயின. டிசிரூல்ஸ் போய் மேங்கிள், ரூட்ஸ்டாப்டு போய் ஸ்டாப்டுரூல்ஸ், நோட்ராக் போய் கான்ட்ராக், மாஸ்க் போய் எஸ்நாட் என்று ஆனது. செக்‌ஷன், ஃபார்மேட் போன்ற வரிகளின் முன்னால் கேள்விக்குறி கட்டாயமானது. இவற்றில் பெரும்பகுதியை 'ஷோர்வால் அப்டேட்' தானே மாற்றித்தரும், பழைய ஃபைலை 'பேக்' என்ற பின்னொட்டோடு விட்டுவைக்கும். மாற்றிய ஃபைலை அப்படியே நம்பாமல் பழையதோடு டிஃப் எடுத்துப் பார்ப்பது நல்லது, குறிப்பாக எஸ்நாட்டில்.

இதிலும் சத்தமில்லாத மாற்றம் ஒன்று உண்டு. 5.0க்கு முன் 'ரீஸ்டார்ட்' செய்ததை இப்போது 'ரீலோட்' செய்கிறது. புதிய 'ரீஸ்டார்ட்' முழுக்க நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ரீஸ்டார்ட் எழுதிவைத்திருந்தால் அந்த இடைவெளியில், ஃபயர்வால் நிற்கும்போது பொருந்தும் ஸ்டாப்டுரூல்ஸ்தான் ஆட்சி செய்யும். பழையபடியே வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் என்ற அமைப்பை 'ரீலோட்' ஆக்க வேண்டும். ஷோர்வால்-லைட் (வேறொரு மெஷினில் கம்பைல் செய்ததை ஓட்டும் வடிவம்) வைத்திருப்பவர்கள் அப்கிரேடுக்குப் பிறகு, என்னென்ன வசதிகள் உண்டு என்று சொல்லும் கேப்பபிலிட்டீஸ் ஃபைலை இலக்கு மெஷினில் புதிதாக உருவாக்கிக் கொண்டுவர வேண்டும். பழசை வைத்து கம்பைல் செய்தால், இருக்கும் வசதியை இல்லையென்று எடுத்துக்கொள்ளும்.

பலவீனம் வேறிடத்தில். ஷோர்வால் ஐபிடேபிள்ஸ் கட்டளைகளையே நம்பியிருக்கிறது, என்எஃப்டேபிள்ஸுக்கு நேரடியாக எழுதத் தெரியாது. அதை உருவாக்கிய டாம் ஈஸ்டெப் 2019இல் ஒதுங்கியபின் வளர்ச்சியும் ஏறக்குறைய நின்றுவிட்டது. பொருந்துவடிவம் இருக்கும்வரை ஓடும். இன்று ஓடுவதை அவசரமாகப் பிடுங்கத் தேவையில்லை. புதிய சர்வருக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமும் தெரியவில்லை.

யூஎஃப்டபிள்யூ: மாற்றம் குறைவு, கேள்வி ஒன்றுதான்

இங்கே சொல்ல அதிகமில்லை. சேர்க்கும் விதிகள் யூசர்.ரூல்ஸில் போகும், அவற்றை அப்கிரேட் தொடுவது அரிது. கையால் திருத்திய பிஃபோர்.ரூல்ஸ்தான் தகராறு. பேக்கேஜ் மேனேஜர் 'உங்கள் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்கும்போது யோசிக்காமல் புதியதைத் தேர்ந்தெடுத்தால், அதில் எழுதிய நாட் (முகவரி மாற்றும்) விதிகள் மொத்தமும் போய்விடும். ஒரு செயலியின் போர்ட்டுகளைப் பட்டியலிடும் ஆப் ப்ரொஃபைலின் பெயரால் விதி போட்டிருந்தால், ப்ரொஃபைலில் போர்ட் மாறியபின் 'யூஎஃப்டபிள்யூ ஆப் அப்டேட்' ஓட்டும்வரை பழைய போர்ட்டே நீடிக்கும்.

ஷோர்வால், யூஎஃப்டபிள்யூ இரண்டையும் சேர்த்துக் கடிப்பது கர்னல் மாற்றம். 4.7 முதல் கனெக்‌ஷன் ட்ராக்கிங் ஹெல்பர்கள் (எஃப்டிபி போன்றவை திறக்கும் துணை இணைப்புகளை அடையாளம் காண்பவை) தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. எஃப்டிபி லாகின் ஆகிறது, டைரக்டரி பட்டியல் மட்டும் வராமல் தொங்குகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மீதுதான் இருக்க வேண்டும். விதியில் ஹெல்பரை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே தீர்வு.

ஃபயர்வால்டி: சரியாக ஏறும், அர்த்தம் மாறும்

நான்கில் அதிகக் கவனம் கேட்பது இதுதான். எக்ஸ்எம்எல் ஃபைல்கள் பிழையின்றி ஏறும், 'செக்-கான்ஃபிக்' வெற்றி என்று சொல்லும், சர்வீஸ் ஓடும். ஆனால் 2018இல் வந்த 0.6.0 பின்தளத்தை என்எஃப்டேபிள்ஸுக்கு மாற்றியது. 2021இல் வந்த 1.0.0 டீஃபால்ட்களையே மாற்றியது.

ஃபயர்வால்டி இன்டர்ஃபேஸ்களை ஸோன்கள் என்ற குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்கும். 1.0.0இல் முக்கியமானது ஸோனுக்குள்ளான ஃபார்வேர்டிங். ஒரே ஸோனில் இருக்கும் இரண்டு இன்டர்ஃபேஸ்களுக்கிடையே பேக்கெட் போவது இப்போது டீஃபால்ட்டாக அனுமதி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அந்த அனுமதி ஸோன் ஃபைலில் ஒரு குறியாக எழுதப்படுகிறது. நீங்கள் ஏற்கெனவே திருத்திய ஸோன், ஈடிசி டைரக்டரியில் தனிப் பிரதியாக இருக்கும், அதில் அந்தக் குறி இருக்காது. திருத்தாத ஸோன் பேக்கேஜோடு வந்த புதிய ஃபைலிலிருந்து படிக்கப்படும், அதில் இருக்கும். ஆக, ஒரே வெர்ஷனில் ஓடும் இரண்டு சர்வர்கள், ஒன்றில் எப்போதோ ஒரு போர்ட்டை நிரந்தரமாகச் சேர்த்த ஒரே காரணத்தால், வேறு வேறாக நடந்துகொள்ளலாம். 'லிஸ்ட்-ஆல்-ஸோன்ஸ்' வெளியீட்டில் ஒவ்வொரு ஸோனுக்கும் 'ஃபார்வேர்ட்' வரியைப் பார்த்து, வேண்டாத இடத்தில் நீக்கிவிடவும்.

ஐசிஎம்பி தடைகள் உள்ளே வரும் பேக்கெட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும், கடந்துபோகும் பேக்கெட்டுகளுக்கு இல்லை என்று ஆனது இன்னொன்று. ஒரு ஸோனுக்கு வந்த பேக்கெட்டை இன்னொரு ஸோனின் விதிகளுக்கும் போகவிடும் ஸோன் ட்ரிஃப்டிங் என்ற பழைய சலுகையும் எடுக்கப்பட்டது. ரெட் ஹேட் 8இலிருந்து 9க்குப் போகும்போது லீப் என்ற அப்கிரேட் கருவி இந்த அமைப்பு இயங்குவதைக் கண்டால் அப்கிரேடையே நிறுத்திவிடும். நான்கு கருவிகளின் கதையிலும் இப்படி முன்கூட்டியே கையைப் பிடித்து நிறுத்துவது இது ஒன்றுதான், மற்ற மாற்றங்களுக்கும் இப்படிச் செய்திருக்கலாம்.

டைரக்ட் விதிகள் (ஐபிடேபிள்ஸ் வடிவிலேயே நேரடியாக எழுதியவை) வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவை இப்போதும் ஐபிடேபிள்ஸுக்கே போகின்றன, மீதி என்எஃப்டேபிள்ஸில். டைரக்ட் விதி 'டிராப்' சொன்னால் பேக்கெட் அங்கேயே செத்தது. 'அக்செப்ட்' சொன்னாலோ, அடுத்து ஃபயர்வால்டியின் சொந்த விதிகளையும் அது கடக்க வேண்டும். வாசலில் இரண்டு காவலாளிகள் நிற்பதுபோல: ஒருவர் விட்டாலும் மற்றவர் மறிக்கலாம். பழைய பின்தளத்தில் வேலை செய்த அக்செப்ட் விதி இதனால் செயலற்றுப் போகும். ஃபயர்வால்டியின் சொந்த மொழியில் எழுதும் ரிச் விதியாக மாற்றுவது சரியான வழி. பின்தளத்தைத் திரும்ப ஐபிடேபிள்ஸ் ஆக்குவது தற்காலிகப் பூச்சு, அந்தப் பின்தளமும் கைவிடப்படும் பட்டியலில் உள்ளது.

நேரடி என்எஃப்டேபிள்ஸ்: எழுதியதே நடக்கும்

நடுவில் டீஃபால்ட் மாற்ற யாருமில்லாததால் வெர்ஷன் மாற்றத்தில் இது மிகவும் நிலையானது. ஒரு ஃபைலை ஏற்றும்போது ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையாக மாறும். ஒரு வரி தவறினாலும் எதுவும் மாறாது. ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோரில் இந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனிதான். விலை கொடுப்பது இடம்பெயரும்போது.

பழைய விதிகளை ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர்-டிரான்ஸ்லேட் மாற்றித்தரும். அதற்கு மொழிபெயர்க்கத் தெரியாத விதியை அது பிழையாகச் சொல்வதில்லை. ஹேஷ் குறி போட்ட கமென்ட் வரியாக எழுதிவைத்து அடுத்ததற்குப் போய்விடும். அந்த ஃபைல் சோதனையில் தேறும், ஏறும். ஐபிசெட் (முகவரிகளைத் தொகுத்து வைக்கும் கருவி) வைத்துத் தடுத்திருந்த முகவரிப் பட்டியல் மட்டும் காணாமல் போயிருக்கும். மாற்றியவுடன் ஹேஷில் தொடங்கும் வரிகளைத் தேடி, ஒவ்வொன்றையும் கையால் எழுதவும். ஐபிசெட்டுக்குப் பதில் என்எஃப்டேபிள்ஸின் பெயரிட்ட செட்.

அடுத்தது எல்லா விதிகளையும் அழிக்கும் ஃபிளஷ் ரூல்செட். டெபியனின் மாதிரி ஃபைல் இந்த வரியில்தான் தொடங்குகிறது. அது உங்கள் டேபிளை மட்டுமல்ல, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் பொருந்துவடிவம் வழியாகப் போட்ட நாட் விதிகளையும் துடைத்துவிடும். அதன்பின் டாக்கரை ரீஸ்டார்ட் செய்யும்வரை கன்டெய்னர்களுக்கு வெளியுலகம் கிடையாது. சர்வீஸை 'ஸ்டாப்' செய்தாலும் இதே துடைப்பு நடக்கும், மெஷின் முழுக்கத் திறந்துவிடும். மாற்று எளிது: உங்கள் டேபிளை வெறுமையாக ஒருமுறை அறிவித்து, அடுத்த வரியில் டெலீட் செய்து, பிறகு முழுதாக எழுதவும். முதல் அறிவிப்பு இல்லையென்றால், டேபிளே இல்லாத முதல் பூட்டில் டெலீட் வரி பிழை காட்டி முழு ஃபைலும் ஏறாமல் போகும்.

நான்குக்கும் பொதுவான இறுதிச் சோதனை

திரும்பும் வழியை முதலில் போடவும். ஷோர்வாலில் சேஃப்-ரீஸ்டார்ட் உண்டு, 60 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குப் போய்விடும். மற்றவற்றில், எடுத்துவைத்த விதிகளை ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஏற்றும் வேலையை அட் கட்டளையில் போட்டுவிட்டுத் தொடங்கவும். எல்லாம் சரியென்றால் அதை நீக்கலாம். லெகசி-சேவ் எடுத்ததை லெகசி-ரீஸ்டோரில்தான் ஏற்ற வேண்டும்.

திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஜன்னல் உயிரோடிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. 'எஸ்டாப்ளிஷ்டு' விதியும் கனெக்‌ஷன் ட்ராக்கிங்கும் பழைய இணைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், புதிய இணைப்பு ஒன்றுகூட நுழைய முடியாத நிலையிலும். இன்னொரு மெஷினிலிருந்து புது இணைப்பு எடுக்கவும், ஐபிவி4இல் ஒருமுறை, ஐபிவி6இல் ஒருமுறை. மூடியிருக்க வேண்டிய போர்ட்டுகளையும் வெளியிலிருந்து ஸ்கேன் செய்யவும்.

பேக்கெட் எங்கே சாகிறது என்று தெரியவில்லையா? முன்னுரிமை குறைந்த எண் கொண்ட ஒரு செயினில், குறிப்பிட்ட மூல முகவரிக்கு மட்டும் என்எஃப்ட்ரேஸ் குறியை 1 ஆக்கும் விதியைச் சேர்த்து, 'என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ்' ஓட்டவும். எந்த டேபிள், எந்த செயின், எந்த விதியில் முடிந்தது என்று வரிவரியாக வரும். லெகசி பக்கம் இந்தப் பட்டியலில் தெரியாது. ட்ரேஸில் கடைசிவரை 'அக்செப்ட்' வந்தும் இணைப்பு கிடைக்கவில்லையென்றால், எடுத்துவைத்த லெகசி-சேவ் ஃபைலைத் திறந்து பார்க்கவும்.