காரைக்குடியில் முன்பல் வெனீர்: ஸ்கிரீனில் காட்டியது வேறு, வாயில் ஒட்டியது வேறு

முன்பல்லில் வெனீர், அதாவது பல்லின் முன்முகத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு, வைக்கப் போய் ஏமாந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் சித்தப்பா மகள் போன் பண்ணி, "அக்கா, நீ பண்ணின இடத்துலயே நானும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், கல்யாணத்துக்குள்ள முடிச்சிரலாம்ல?" என்றாள். உடனே கேன்சல் பண்ணச் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை.

ஆறாவது படிக்கும்போது விழுந்ததில் என் மேல் முன்பல் ஒன்று முனை உடைந்தது. பக்கத்துப் பல்லோடு கொஞ்சம் இடைவெளியும் உண்டு. இருபது வருஷமாக வாயை மூடியே சிரித்துப் பழகிவிட்டேன். தம்பிக்குத் தை மாதம் பள்ளத்தூர் வீட்டில் கல்யாணம் என்று முடிவானதும் அப்பச்சிதான், "உனக்குன்னு ஒண்ணு பண்ணிக்கம்மா" என்று பணம் கொடுத்தார்கள்.

முதல் நாள் என் முகத்தைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஆறு பல்லை வரைந்து காட்டினார்கள். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இ-மேக்ஸ் வெனீர், பல்லுக்கு 12,000. அரை மில்லிமீட்டர்தான் அரைப்போம், நகப்பூச்சு மாதிரி ஒட்டிக்கும்" என்றார்கள். இ-மேக்ஸ் என்பது ஒரு வகைப் பீங்கான். அங்கேயே 30,000 அட்வான்ஸ் போட்டேன்.

அந்தப் படம் போட்டோவின் மேல் வரைந்தது, அவ்வளவுதான். கீழ்ப்பல் எங்கே வந்து இடிக்கும், உதடு எங்கே படும் என்பது அதற்குத் தெரியாது. உண்மையான டிசைனுக்கு மேல்வரிசை, கீழ்வரிசை, கடித்த நிலை என மூன்றையும் வாய்க்குள் ஸ்கேனர் விட்டு எடுக்க வேண்டும். எனக்கு மேல்வரிசை மட்டும்தான் எடுத்தார்கள். ஸ்கேனர் கீழ்ப்பல் பக்கமே வரவில்லை. அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

அதைவிடப் பெரிய தப்பு அரைத்த அன்று நடந்தது. மரத்துப்போகும் ஊசி தெளிந்த பிறகு நாக்கால் தடவிப் பார்த்தேன். பின்பக்கமும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. நாலு பக்கமும் சீவின குச்சி மாதிரி ஆறு பல். கேட்டால், "அப்பதாம்மா நல்லா பிடிக்கும்" என்றார்கள். வெனீருக்குப் பல்லின் முன்முகத்தை மட்டும், எனாமல் என்ற வெளி அடுக்குக்குள்ளேயே நிற்கிற அளவுக்கு, சுமார் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் எடுப்பார்கள். முன்பல்லில் ஈறு ஓரமாக எனாமலே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அதைத் தாண்டினால் டென்டின் என்ற உள் அடுக்கு. அதில் பசை எனாமலில் பிடிக்கிற மாதிரி பிடிக்காது, கூச்சமும் வரும். எனாமல் திரும்ப வளராது. எனக்குச் செய்தது வெனீரே இல்லை, பல்லைச் சுற்றிலும் மூடும் உறையான முழு கேப்.

ஒட்டுகிற அன்று நிறம்கூடக் கேட்கவில்லை. பல் நிற மாதிரிகள் வரிசையாக இருக்கும் ஷேட் கைடை என் பல்லுக்குப் பக்கத்தில் யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. சுண்ணாம்பு வெள்ளையாக வந்தது. சரி, பழகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று முகப்பில் நின்று "வாங்க, வாங்க" என்று வரவேற்க வேண்டியவள் நான். 'வ' சொல்லும்போது மேல்பல் நுனி கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும். புதுப்பல் நீளமாக இருந்ததால் உதட்டில் குத்தி நின்றது. எங்கள் அயித்தை காதோரம் வந்து, "ஏன்த்தா, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார்கள். அதன்பிறகு கைகூப்பி மட்டும் நின்றேன்.

ஐந்தாவது வாரம் சீப்புச் சீடையைக் கடித்தேன், ஒரு பல் கழன்று கைக்கு வந்தது. உள்ளே குடைந்த குட்டித் தொப்பி மாதிரி இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவலே இல்லை. கிளினிக்கில், "கடினமானத நீங்கதான் கடிச்சிருக்கீங்க" என்று சொல்லி ஒட்டக் காசும் வாங்கினார்கள். பத்தே நாளில் மறுபடி கழன்றது.

பிறகு மதுரையில் வேறொரு டாக்டரிடம் போனேன். கழன்றதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது இ-மேக்ஸ் இல்லை, சிர்கோனியா என்ற வேறு வகைப் பீங்கான் என்றார். இ-மேக்ஸ் கண்ணாடி கலந்த பீங்கான். உள்பக்கத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பசை பிடிக்க உதவும் சைலேன் திரவத்தைத் தடவி ஒட்டினால் பல்லோடு ஒன்றாகப் பிடிக்கும். சிர்கோனியாவில் அந்த அமிலம் வேலை செய்யாது, அதை ஒட்டுகிற முறையே வேறு. சிர்கோனியா மட்டமான பொருள் இல்லை, கடைவாய்க்கு நிறையப் பேர் போடுகிறார்கள். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கு இல்லை. இதற்குள் ஒரு பல் இரவெல்லாம் வலித்து, வேர் சிகிச்சையும் செய்தாயிற்று.

ஸ்கேன் ஃபைலைக் கேட்டேன். "லேப்ல டெலீட் ஆகிருச்சு" என்றார்கள். பில்லில் "பல் சிகிச்சை 72,000" என்று ஒரே வரி.

ஆகவே அரைக்க விடும் முன் மாக்-அப் கேளுங்கள். டிசைனை 3டி பிரிண்டரில் மாடலாக எடுத்து, அதன்மேல் சிலிக்கான் அச்சு எடுத்து, அதில் தற்காலிக ரெசின் ஊற்றி உங்கள் பல்லின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். பல்லை அரைக்காமலே நீளம், நிறம், பேச்சு எல்லாம் தெரிந்துவிடும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். எனக்கு, "டிஜிட்டல்மா, ட்ரையல் தேவையில்ல" என்றார்கள். கம்ப்யூட்டர் வைத்துப் பல் கடைவது 1985-லேயே ஜூரிச்சில் செய்துகாட்டிய வேலை. ட்ரையலைத் தவிர்க்க அது ஒரு சாக்கே இல்லை. பில்லில் பொருளின் பெயர், எத்தனை பல், வெனீரா கேப்பா என்று எழுதி வாங்குங்கள், லேப் சீட்டையும் ஸ்கேன் ஃபைலையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம். கழன்று விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது இப்போது ஒரு குங்குமச் சிமிழில் இருக்கிறது, புகாரில் அதுவும் ஒரு ஆதாரம்.

மதுரையில் போன செவ்வாய்க்கிழமை மாக்-அப் வைத்தார்கள். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "அடிக்கடி சொல்ற வார்த்தை ஏதாவது சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். "வாங்க" என்றேன். உதட்டில் இடித்தது. நுனியைக் கொஞ்சம் சீவிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.