லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை: டிஸ்ட்ரோவை மாற்றும் முன் கார்டைப் பாருங்கள்

லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பிய நண்பர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வைஃபையைத்தான் சொல்வார்கள். "நெட் வரவே இல்லை", "வருது, ஆனா அடிக்கடி கட் ஆகுது", "பக்கத்து ரூமுக்குப் போனா சிக்னலே இல்லை". இப்படி ஆனதும் அவர்கள் முதலில் செய்வது டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸின் வகையை, மாற்றுவது. உபுண்டுவில் சரிவரவில்லை என்றால் மின்ட், மின்ட்டிலும் இல்லை என்றால் ஃபெடோரா. பல ஆண்டுகளாக என் வேலை முழுவதும் லினக்ஸில்தான் நடக்கிறது. வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் நிறைய லேப்டாப்களின் வைஃபையைச் சரிசெய்து பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் டிஸ்ட்ரோ மேல் பழி போடக் காரணம் இருந்தது மிகவும் குறைவு. உள்ளே இருக்கும் வைஃபை கார்டு எது, அதை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்துவிட்டதா, கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு கணினியில் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

நல்ல அனுபவத்தை முதலில் சொல்கிறேன். நான் நெடுநாள் வைத்திருந்த பழைய லேப்டாப்பில் ஏதெராஸ் கார்டு இருந்தது. அதற்கான ஏடிஎச்9கே டிரைவரை ஏதெராஸ் நிறுவனமே 2008-இல் திறமூலமாக (நிரலை யாரும் பார்க்கும்படி) வெளியிட்டது. அதே ஆண்டு கெர்னல் 2.6.27-இல் அது சேர்ந்தது. லேப்டாப்பில் பொருத்தும் அந்த வகைக் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகூட வேண்டாம். எந்த டிஸ்ட்ரோவைப் போட்டாலும் நிறுவும்போதே வைஃபை வந்துவிடும். பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும், வேலை முடிந்தது. வேகம் இன்றைய அளவுக்கு இல்லைதான். ஆனால் அந்த லேப்டாப் இருந்தவரை வைஃபையைப் பற்றி நான் யோசிக்க வேண்டியே வரவில்லை.

அடுத்து வந்தது இதற்கு நேர்மாறு. பட்ஜெட் மாடல் ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நிறுவி முடித்ததும் வைஃபை ஐகானே இல்லை. கெர்னலில் அந்தக் கார்டுக்கு டிரைவர் இல்லை, வெளியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். டிரைவரைப் பதிவிறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இந்த இடத்தில் கைகொடுப்பது ஆண்ட்ராய்டு போன். யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டைப் பகிரும் வசதி) போட்டால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். புதிதாக லினக்ஸ் போடுகிறவர்கள் அந்தக் கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்காருங்கள்.

வெளி டிரைவரை டிகேஎம்எஸ் என்ற முறையில் நிறுவினால், கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி டிரைவரை அது தானாகவே மறுபடி தொகுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பல மாதங்கள் ஒழுங்காகவே நடந்தது. பிறகு ஒரு அப்டேட்டில் கெர்னலின் உள்ளமைப்பு மாறியதால் தொகுப்பு தோற்று, லேப்டாப் வைஃபை இல்லாமல் எழுந்தது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து அன்றைய வேலையை முடித்தேன். நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப் என்றால் இன்னொரு கட்டமும் உண்டு. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். மறுமுறை பூட் ஆகையில் வரும் நீலத்திரையில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்து, டிரைவரின் கையொப்பத்துக்கான சாவியைப் பதிய வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். அதைக் கவனிக்காமல் எதையாவது அழுத்திக் கடந்துவிட்டு, "டிரைவர் போட்டாச்சு, ஆனா வேலை செய்யலை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

ஏன் இந்த நிலை என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிராட்காம் சிப்புகளுக்கு நெடுங்காலம் நிறுவனத்திடமிருந்து திறமூல டிரைவர் கிடைக்கவில்லை. தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையை ஆராய்ந்து டிரைவரை எழுதினார்கள். 2006-இல் கெர்னலில் சேர்ந்த அது, பின்னர் பி43 என்ற பெயரில் வளர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைப் பயனரே நிறுவனத்தின் மூடிய டிரைவர் கோப்பிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒரு கருவி இருந்தது. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டும் என்டிஸ்ராப்பரை நம்பிப் பலர் காலம் தள்ளினார்கள். 2010-இல்தான் பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது. இன்னொரு சிப் நிறுவனமான ரியல்டெக் பக்கம் பார்த்தால், அதன் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2019-இல் கெர்னல் 5.2-இல் வந்தது. பட்ஜெட் லேப்டாப்களில் எங்கும் காணப்பட்ட 8821சிஇ கார்டுக்கு அதில் ஆதரவு வந்தது 5.9-இல், அதாவது 2020 அக்டோபரில். உபுண்டு 20.04 வெளிவந்தபோது அதில் இருந்தது 5.4 கெர்னல். அந்தக் கார்டு வைத்திருந்தவர்கள் உபுண்டுவைத் திட்டியதில் வியப்பில்லை. ஆனால் சிக்கல் கெர்னலின் வயதில் இருந்தது. புதிய கெர்னலோடு வந்த டிஸ்ட்ரோவில் அதே கார்டு தானாகவே ஓடியிருக்கும். டிஸ்ட்ரோவை மாற்றியதும் சிலருக்குச் சரியாகிப்போவது இதனால்தான்.

இந்த இடத்தில் லாரி ஃபிங்கரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பி43, ரியல்டெக் டிரைவர்கள் இரண்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். புதிய டிரைவர்களைப் பழைய கெர்னல்களிலும் ஓடும்படி மாற்றி வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 2024 ஜூனில் காலமானார். நம் ஊர் மாணவர்களின் லேப்டாப்களில் வைஃபை ஓடியதற்குப் பின்னால் அவர் உழைப்பும் இருக்கிறது. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, என் பட்ஜெட் லேப்டாப் கதைக்கு வருகிறேன். அதில் வைஃபை கார்டு கழற்றக்கூடிய எம்.2 வகையில் இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு ஒன்று வாங்கினேன். அப்போது இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே. பின்மூடியைத் திறந்து, ஒரு திருகைக் கழற்றி, இரண்டு ஆன்டெனா ஒயர்களை மாற்றிச் செருகினால் ஆயிற்று. அந்த ஒயர்களின் நுனி மிகச் சிறியது. பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்க வேண்டும், பொருத்தும்போது மெல்ல அழுத்த வேண்டும். ஏஎக்ஸ்210-க்கு 5.10 முதலான கெர்னலும் அதன் ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். இரண்டும் இருந்ததால் பூட் ஆனதுமே இணைப்பு வந்தது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை சாதாரண பிசிஐ கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க அப்படியே இருந்தாலும் பாதி வேலையை இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் பகுதியிடம் விட்டுவிடுபவை. ஏஎம்டி லேப்டாப்பில் வேலை செய்யாது. சில பழைய லேப்டாப்களின் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் உள்நிரல்), தான் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் பூட் ஆக மறுக்கும். கார்டு போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய லேப்டாப் என்றால் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

டிரைவர் சரியாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சேமிப்பை. வைஃபை கார்டு வேலை இல்லாதபோது அரைத்தூக்கத்துக்குப் போகும், ரவுட்டர் கூப்பிட்டால் எழும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் சில கார்டும் சில ரவுட்டரும் சேர்ந்தால் எழுவதற்குத் தாமதமாகும், அல்லது எழாமலே போகும். வீடியோ பார்க்கும்போது பிரச்சினை தெரியாது, கார்டு தொடர்ந்து விழித்திருக்கும். சும்மா விட்டுவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்தால்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளிக் கணினியில் டெர்மினல் திறந்து வேலை செய்கிறவர்களுக்கு எழுத்துகள் தேங்கித் தேங்கி வரும். உங்கள் ரவுட்டருக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) அனுப்பிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ரவுட்டரின் பதில் சில மில்லிநொடிகளில் வர வேண்டும். அது ஒருமுறை 3, அடுத்த முறை 200, அப்புறம் 90 என்று துள்ளினால் மின்சேமிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உபுண்டுவில் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நிரலான நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறையில் 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் வைஃபை.பவர்சேவ் என்ற வரியில் 3 என்றிருப்பதை 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்குங்கள். 3 என்றால் மின்சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்பார்கள். என் லேப்டாப்களில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை. நான் சரிசெய்து கொடுத்த லேப்டாப்களில் அதிகம் பலன் தந்தது இந்த ஒரே ஒரு எண் மாற்றம்.

கரண்ட் போய் வரும் ஊர்களில் இன்னொரு தொல்லை. ரவுட்டர் அணைந்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். கரண்ட் வந்ததும் ரவுட்டரின் வைஃபை முதலில் எழுந்துவிடும். ஐபி முகவரி கொடுக்கும் பகுதி சற்றுப் பின்னால்தான் தயாராகும். அந்த இடைவெளியில் லேப்டாப் இணைய முயன்று தோற்கும். நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக 4 முறை முயன்று பார்த்துவிட்டுச் சில நிமிடம் ஒதுங்கிக்கொள்ளும். நமக்கு அது 'போன் இணைந்துவிட்டது, லேப்டாப் மட்டும் இணையவில்லை' என்று தெரியும். அந்த இணைப்பின் ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் அளவை 0 ஆக்கினால் சளைக்காமல் முயன்றுகொண்டே இருக்கும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் இதை அவசியம் செய்துவைக்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் 'நேற்று வந்த வைஃபை இன்று காணோம்' என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியைப் பாருங்கள். அது இயங்கும்போது விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாது. வைஃபை கார்டு பாதி நிலையில் விடப்படுவதால் லினக்ஸால் அதை எழுப்ப முடியாமல் போவதுண்டு. விண்டோஸ் அமைப்பில் அதை அணைத்துவிட்டால் தீரும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த லேப்டாப் ஒன்று வீட்டு ரவுட்டரை மட்டும் பார்க்கவே மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் தெரிந்தது. ரவுட்டர் 13-ஆம் சேனலில் (வைஃபை அலைவரிசையின் ஒரு பிரிவு) ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க விதிப்படி 12, 13-ஆம் சேனல்கள் பொதுவாகப் புழக்கத்தில் இல்லை, கார்டும் அந்த விதிக்கே பழக்கப்பட்டிருந்தது. ரவுட்டரை 6-ஆம் சேனலுக்கு மாற்றியதும் தெரிந்துவிட்டது.

சிக்னல் மட்டும் பலவீனம் என்றால் ஆன்டெனாவை யோசியுங்கள். ரியல்டெக் 8723பிஇ கார்டு உள்ள சில லேப்டாப்களில் தயாரிப்பாளர் ஒரே ஆன்டெனாதான் வைத்திருப்பார். டிரைவரோ ஆன்டெனா இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்தால் மட்டும் நெட் வரும். டிரைவருக்கு ஆன்ட்_செல் என்ற அளவை 1 அல்லது 2 எனக் கொடுத்து மாற்றிப் பார்த்தால் சிக்னல் கோடுகள் ஒரேயடியாக ஏறும். புளூடூத் இயர்போன் போட்டதும் நெட் மந்தமானால் அது வேறு. புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையைப் பங்கிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

ஏஎக்ஸ்210-க்கு மாறிய பிறகு எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்டெல் கார்டுகள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைத் தாங்களே கணித்து முடிவெடுப்பவை. அதனால் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் எழாது. அந்தக் கணிப்பை அணைத்துவைக்க முன்பு இருந்த வழியும் கெர்னல் 5.5-இல் எடுக்கப்பட்டுவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் வேலை செய்யும்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஃபர்ம்வேர் கோப்புகள் கட்டற்றவை (யாரும் பார்த்து மாற்றக்கூடியவை) அல்ல என்பதால் டெபியன் என்ற டிஸ்ட்ரோ அவற்றைத் தன் நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றியது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கைப்பிடிப்பு உள்ளவர்களுக்கு இது கசப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புதிதாக வருகிற ஒருவர் முதல் திரையிலேயே சோர்ந்து போகாமல் இருப்பது முக்கியம் என்றே நினைக்கிறேன். ஏஎம்டி லேப்டாப்களில் அதிகம் வரும் மீடியாடெக் எம்டி7921 கார்டுக்கும் 5.12 முதல் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

புது லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால், நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் யூஎஸ்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் அனுமதித்தால் அதிலேயே பூட் செய்து உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற இடத்தில் கார்டின் பெயரும், அடுத்து 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியும் வந்தால் நல்லது. டிரைவர் வரி இல்லாமல் கார்டு பெயர் மட்டும் வந்தால் வேறு மாடலைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, கார்டையும் மாற்ற முடியாது என்றால் யூஎஸ்பி வைஃபை டாங்கிள்தான் வழி. பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். பல சமயம் அது வெளி டிரைவரைத்தான் குறிக்கும். உள்ளே இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யூ, எம்டி7610யூ சிப்புகளுக்கோ பழைய ஏதெராஸ் ஏஆர்9271-க்கோ டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. செருகினால் இணைப்பு வந்துவிடும், அடுத்த கெர்னல் அப்டேட்டிலும் உடையாது.