அப்பாவின் ஆஸ்பிரின் 75: மாத்திரை நல்ல மாத்திரை, அட்டைதான் சரியில்லை

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் மாத்திரை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு இருதய மருத்துவர் எழுதிக் கொடுத்தது, ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. குடலில் போய்க் கரையும் பூச்சு இருப்பதால் விழுங்கவும் சிரமமில்லை, எரிச்சல் என்று அவர் சொன்னதும் இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம், மூன்று கம்பெனி மாற்றி வாங்கிவிட்டோம், நான் சொல்லப்போகிற குறை மூன்றிலும் இருக்கிறது.

போன மாதம் என் எட்டு வயது மகனுக்கு ஃப்ளூ. நடு ராத்திரி காய்ச்சல் 102, பாராசிட்டமால் பாட்டில் காலி. அப்பா தன் அட்டையை எடுத்து நீட்டி, "எங்க காலத்துல காய்ச்சலுக்கு இதைத்தாம்மா கொடுப்பாங்க, பாதி உடைச்சுக் கொடு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். நானும் வாங்கிவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினால் கடுகு சைசில் எழுத்து, அதிலும் பாதி மாத்திரை பிரித்த இடத்தோடு கிழிந்து போயிருந்தது. எச்சரிக்கை முழுதாக இருப்பது டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில். அட்டையை மட்டும் வாங்கினால் அந்தத் தாளும் வராது. குழந்தை மருத்துவருக்கு போன் செய்தேன், "ஆஸ்பிரினா? கொடுக்கவே கொடுக்காதீங்க" என்றார்.

காரணம் ரைஸ் சிண்ட்ரோம், குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய். 1963-ல் ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் மருத்துவர் டக்ளஸ் ரை, தன் சகாக்களோடு சேர்ந்து 21 குழந்தைகளை வைத்து விவரித்த நோய். ஃப்ளூவோ சின்னம்மையோ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் இது வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவில் 1979-80-ல் மட்டும் 555 பேருக்கு வந்திருக்கிறது. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்து, 1986-ல் லேபிளிலும் எச்சரிக்கை ஏறிய பிறகு எண்ணிக்கை சரிந்து, 1994 முதல் 1997 வரை எந்த வருடமும் இரண்டைத் தாண்டவில்லை. பிரிட்டனில் முதலில் 12 வயதுக்குக் கீழே கூடாது என்றார்கள், இப்போது 16. லேபிளில் ஒரு வரி இவ்வளவு செய்யும் என்றால் அந்த வரியை ஏன் கண்ணுக்குத் தெரியாமல் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

இந்த நோயில் என்னை உலுக்கிய விஷயம், அது வரும் நேரம். காய்ச்சல் இறங்கி, பிள்ளை தேறி வருகிறான் என்று நாம் மூச்சு விடும்போது திடீரென்று வாந்தி ஆரம்பிக்கும், நிற்காது. அப்புறம் அசாதாரணத் தூக்கம், சிடுசிடுப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, முற்றினால் வலிப்பு. கைக்குழந்தைகளுக்கு வாந்திக்குப் பதில் பேதியும் வேக மூச்சுமாக இருக்கலாம். உள்ளே கல்லீரல் செல்களில் கொழுப்பு சேர்ந்து, ரத்தத்தில் அம்மோனியா ஏறி, மூளை வீங்கிக்கொண்டிருக்கும். காய்ச்சல் இருக்காது, கண்ணும் பெரும்பாலும் மஞ்சளாகாது, அதனால் வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், சமீபத்தில் வந்த காய்ச்சலையும் கொடுத்த மருந்துகளையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். சர்க்கரை, அம்மோனியா, கல்லீரல் பரிசோதனைகளை உடனே எடுப்பார்கள். அபூர்வமான நோய்தான், ஆனால் தாமதமானால் உயிர் போகலாம், பிழைத்தாலும் மூளையில் பாதிப்பு தங்கிவிடலாம்.

இன்னொன்று, ஆஸ்பிரின் என்ற பெயரிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். அசெட்டைல்சாலிசிலிக் ஆசிட் என்று சளி மருந்துக் கலவையில் இருக்கலாம், சாலிசிலேட் வகைகள் சில வயிற்று மருந்துகளிலும் வாய்ப்புண் ஜெல்களிலும் இருக்கின்றன. கவாசாகி நோய் (ரத்தக் குழாய்கள் அழற்சியடையும் நோய்) உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரே ஆஸ்பிரின் கொடுப்பார், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மகன் பாராசிட்டமாலிலேயே நாலு நாளில் எழுந்துவிட்டான். மாத்திரைக்கு ஐந்து நட்சத்திரம், அட்டைக்கு ஒன்று, ஆகமொத்தம் மூன்று போடுகிறேன். அப்பா மறுநாளே தன் மாத்திரைகளைத் தனி டப்பாவுக்கு மாற்றி, மூடியில் 'தாத்தாவுக்கு மட்டும்' என்று சிவப்பு மார்க்கரில் பெரிதாக எழுதிவிட்டார்.